“நல்லாத்தானே இருக்கேன்” என்று சொல்லி செக்கப்புக்கு வராத மருமகள்

கேள்வி: கல்லல் பக்கம் எங்கள் ஊர். மகன் சிங்கப்பூரில் இருக்கிறான். மருமகளுக்கு இது இரண்டாவது, ஐந்து மாதம் முடியப்போகிறது. முதலாவது சுகப்பிரசவம். இந்தத் தடவை ஒரே ஒருமுறைதான் ஆஸ்பத்திரிக்குப் போனாள், அதற்கப்புறம் கூப்பிட்டால் “நல்லாத்தானே இருக்கேன் அத்தை” என்கிறாள். அப்பத்தாவும் “நாங்களெல்லாம் செக்கப்பா பார்த்தோம்” என்று அவள் பக்கம் சேர்ந்துகொள்கிறார். எப்படிக் கூட்டிப்போவது?

பதில்: அம்மா, கூட்டிப்போவது இருக்கட்டும், அந்த ஒருமுறை போனபோது என்ன நடந்தது என்று கேட்டீர்களா? காரைக்குடியில் பல வருடமாக ஓ.பி. பார்க்கிறேன், “நல்லாத்தானே இருக்கேன்” என்பதோடு காரணம் முடிந்துபோன பெண்ணை நான் அதிகம் பார்த்ததில்லை. பலகாரக் கடையில் முறுக்கு சுற்றும் ஒரு பெண் மூன்று மாதம் வரவே இல்லை, அப்புறம் தோண்டித் துருவிக் கேட்டால், ஒரு நாள் கூலி போகிறது, இரண்டு பஸ் மாற வேண்டும், பெரியவனைப் பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டிவர ஆளில்லை என்று ஒவ்வொன்றாக வருகிறது. இன்னொருத்தியை, வரிசையில் எல்லோர் முன்னாலும், “ரெண்டாவது புள்ள, இதுகூடத் தெரியாதா” என்று யாரோ அதட்டியிருக்கிறார்கள். அது எங்கள் பக்கத்துத் தப்பு, ஒப்புக்கொள்கிறேன்.

கணவர் வெளிநாட்டில் இருக்கும் வீடுகளில் வேறு மாதிரி. பணம் வரும், ஆனால் ஒரு ஸ்கேன் எடுப்பதென்றாலும் ராத்திரி போனில் கேட்டுத்தான் முடிவு, அதற்குள் வாரம் ஓடிவிடும். முதல் பிள்ளை சுகமாகப் பிறந்திருந்தால் அசட்டையும் சேர்ந்துகொள்ளும். இன்னொன்று சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்: டாக்டர் அறைக்குள் நீங்களும் வந்து, அவளைக் கேட்ட கேள்விக்கெல்லாம் நீங்களே பதில் சொன்னீர்களா? வெள்ளைப்படுதல், மூத்திர எரிச்சலையெல்லாம் மாமியார் முன்னால் எந்தப் பெண் சொல்வாள்?

அவளிடம் பயமுறுத்தாமல் இதைச் சொல்லுங்கள். ஹீமோகுளோபின் 11-க்குக் கீழே போனால் அது ரத்தசோகை, பல பேருக்கு வெறும் அலுப்பாகத்தான் தெரியும். ரத்த அழுத்தம் 140/90-ஐத் தொட்டாலும் ஆரம்பத்தில் ஒன்றும் காட்டிக்கொடுக்காது. சர்க்கரைக்கு 75 கிராம் குளுக்கோஸ் கரைத்துக் கொடுத்து இரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் எடுப்பார்கள், 140 அல்லது அதற்கு மேல் இருந்தால் கர்ப்பகாலச் சர்க்கரை. வெறும் வயிற்றோடுதான் வரவேண்டும் என்றில்லை, ஆனால் அந்த இரண்டு மணி நேரம் உட்காரப் பொறுமையில்லாமல் பஸ் பிடித்துப் போய்விடுகிறவர்கள்தான் நிறைய. முதல் தடவை எடுத்திருந்தாலும் 24 முதல் 28 வாரத்துக்குள் திரும்ப எடுக்க வேண்டும். குழந்தையின் உறுப்புகளைப் பார்க்கும் ஸ்கேன் 18–20 வாரத்தில் எடுப்பது, உங்கள் கணக்குப்படி அது இப்போதுதான். இந்த வாரமே போங்கள்.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெரும்பாலும் செவ்வாய்க்கிழமைதான் கர்ப்பிணிகளுக்கு. செவ்வாய் ஆகாது என்று நினைத்தால், மாதாமாதம் 9-ஆம் தேதி அரசு மருத்துவமனைகளில் இலவசமாகப் பார்க்கிறார்கள். ஊருக்கு வரும் கிராம சுகாதார செவிலியரிடம் பேசி, பிக்மி எண் (கர்ப்பத்தை அரசிடம் பதிவு செய்யும்போது கொடுக்கும் எண்) பதிவாகியிருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள், பிறப்புச் சான்றிதழுக்கும் அது வேண்டும். மூத்த பிள்ளையை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள், அவளோடு அவள் அம்மாவோ அக்காவோ போகட்டும். கையில் கட்டுச்சோறு கொடுத்துவிடுங்கள், காத்திருப்பு நீளும்.

அப்பத்தாவிடம் வாதாட வேண்டாம். பெற்றது எத்தனை, தங்கியது எத்தனை என்று மெதுவாகக் கேளுங்கள், மிச்சத்தை அவரே பேசுவார்.

அப்புறம், வளைகாப்பு முடிந்து தாய்வீடு போகும்போது சீர்வரிசைத் தட்டோடு செக்கப் அட்டையையும் மறக்காமல் கொடுத்தனுப்புங்கள், இங்கே பார்த்தது அங்கே தெரியாமல் போவது அந்த நேரத்தில்தான். தலைவலி விடாமல் இருந்தாலோ, கண் மங்கினாலோ, முகம் வீங்கினாலோ, உதிரம் பட்டாலோ செவ்வாய்க்குக் காத்திருக்காதீர்கள், உடனே 108.