விறகுக்கு எதற்கு வரைபடம்?

கேள்வி இதுதான்: “எங்கள் ஒன்றியத்தில் விறகு எவ்வளவு கிடைக்கிறது, எவ்வளவு எரிகிறது என்று வரைபடம் போடச் சொல்கிறார்கள். இதனால் என்ன பயன், எங்கே ஆரம்பிப்பது?”

ராமநாதபுரம் பக்கம் இப்படி ஒரு கணக்கெடுப்புக்காகத் தொங்குதராசைத் தூக்கிக்கொண்டு அலைந்திருக்கிறேன், அதை வைத்துச் சொல்கிறேன்.

1970களில் உலகம் முழுக்க விறகுப் பஞ்சம் வரப்போகிறது என்று ஒரே பேச்சு. நாட்டிலுள்ள காடு வருஷத்துக்கு இவ்வளவு வளரும், ஜனங்கள் இவ்வளவு எரிப்பார்கள், கழித்தால் துண்டு விழுகிறது, கணக்கு அவ்வளவுதான். சொன்ன அளவுக்குப் பஞ்சம் வரவில்லை. வரப்பு மரம், வேலி, பருத்திமார், தென்னைமட்டை எல்லாம் அடுப்புக்குள் போவதை யாரும் எண்ணவில்லை. ஆனால் சில வட்டாரங்கள் நிஜமாகவே மொட்டையாகின, அதுவும் மொத்தக் கணக்கில் தெரியவில்லை. அதனால்தான் 2003 வாக்கில் ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பும் மெக்சிகோ தேசியப் பல்கலைக்கழகமும் சேர்ந்து ‘விஸ்டம்’ என்றொரு முறையைக் கொண்டுவந்தன. ஊர் ஊராகத் தேவையை ஒரு படம், வரத்தை ஒரு படம் போட்டு, ஒன்றின் மேல் ஒன்றை வைத்துப் பார்ப்பது. 2015-ல் வந்த ஓர் ஆய்வு வெப்பமண்டல நாடுகளுக்கு இப்படிப் போட்டுப் பார்த்தது: வெட்டும் விறகில் 27 முதல் 34 சதவீதம்தான் திரும்ப வளரும் அளவை மீறியது, கடும் தட்டுப்பாடு தெற்காசியாவிலும் கிழக்கு ஆப்பிரிக்காவிலும் திட்டுத் திட்டாக இருந்தது. அந்தத் திட்டு உங்கள் ஒன்றியத்தில் எங்கே என்று தெரிந்தால், எரிவாயுவோ நல்ல அடுப்போ மரக்கன்றோ முதலில் எங்கே போகவேண்டும் என்று தெரியும்.

சரி, அடுப்படியிலிருந்து ஆரம்பியுங்கள். “ஒரு நாளைக்கு எத்தனை கிலோ?” என்று கேட்காதீர்கள், யாருக்கும் தெரியாது. நான் கேட்டதற்கு ஒரு அப்பத்தா, “எரியிற வரைக்கும் எரியும்ப்பா” என்றார். காலையில் 12 கிலோ கட்டு ஒன்றை நிறுத்து வைத்துவிட்டு மறுநாள் போய் மிச்சத்தை நிறுத்தோம், 7 கிலோ இருந்தது. சிலிண்டர் இருக்கிற வீட்டை விட்டுவிடாதீர்கள். டீக்கு கேஸ், வெந்நீருக்கும் நெல் அவிக்கவும் விறகு. டீக்கடை, செங்கல் சூளை, கல்யாணச் சமையல் எல்லாம் தனிக்கணக்கு.

வரத்துதான் பெரிய வம்பு. செயற்கைக்கோள் படத்தில் எங்கள் பக்கம் பச்சையாகத் தெரிவது பாதிக்குமேல் சீமைக்கருவை. நிற்கிற மரத்தை எண்ணிப் பிரயோஜனமில்லை, வருஷத்துக்கு எவ்வளவு துளிர்த்து வளர்கிறது என்பதுதான் வரத்து. அதிலும் கண்மாய்க் கருவை ஏலத்தில் போய்விடும், பட்டா நிலத்துக் கருவை கரிமூட்டம் போடுகிறவர் கைக்குப் போய்விடும், வீட்டுப் பெண்களுக்கு மிஞ்சுவது சுள்ளி. ஒரு கிலோ கரிக்கு நாலைந்து கிலோ விறகாவது வேகவேண்டும், ஆக வெளியூர் போகும் ஒரு கரி லாரிக்குப் பின்னால் நாலைந்து லாரி விறகு இருக்கிறது. அந்தத் தேவை உங்கள் ஒன்றியத்தில் எந்த வீட்டிலும் அகப்படாது. லாரி போகும் சாலையில் உட்கார்ந்துதான் எண்ணவேண்டும்.

அப்புறம், ஐப்பசியில் ஒரு தடவை திரும்பப் போய் நிறுத்துப் பாருங்கள். ஈர விறகு எடை கூடக் காட்டும், சூடு குறைவாகத் தரும். நாங்கள் கோடையில் மட்டும் எடுத்துவிட்டு அப்புறம் முழிபிதுங்கினோம்.