'டேபிள்' என்றால் எடுத்துப் பேசுவதா, ஒத்திப் போடுவதா?

பெங்களூரு ஒயிட்ஃபீல்டில் வேலை பார்க்கும் நண்பர் கேட்டிருக்கிறார்: அமெரிக்க கிளையன்ட் மெயிலில் 'லெட்ஸ் டேபிள் திஸ்' என்கிறார், நாளைக்கே ஸ்லைடு தயார் செய்யவா?

வேண்டாம், தூங்கப் போங்கள். 'இப்போதைக்கு விட்டுவிடுவோம்' என்கிறார் அவர். நான் மாரத்தஹள்ளியில் இருந்தபோது இதே வரியை நம்பி ராத்திரி முழுக்க உட்கார்ந்து ஸ்லைடு போட்டேன். காலை மீட்டிங்கில் யாரும் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

குழப்பம் நம் தப்பு இல்லை. பிரிட்டிஷ் ஆங்கிலத்தில் 'டேபிள்' செய்வது என்றால் பேச்சுக்கு எடுத்து முன்வைப்பது. நாடாளுமன்றத்தில் அறிக்கையை 'டேபிள்' செய்தார்கள் என்று நம் ஆங்கிலப் பத்திரிகைகள் எழுதுவதும் இந்தப் பொருளில்தான். அமெரிக்கர்களுக்கு நேர் எதிர். இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டிஷ், அமெரிக்கத் தளபதிகளே இந்த ஒரு சொல்லால் நெடுநேரம் வாக்குவாதம் செய்தார்கள் என்று சர்ச்சில் எழுதியிருக்கிறார். கடைசியில் பார்த்தால் இரு தரப்புக்கும் வேண்டியது ஒன்றேதான்!

வேடிக்கை என்னவென்றால், 'ஆன் த டேபிள்' என்றால் அமெரிக்காவிலும் 'இன்னும் பரிசீலனையில் இருக்கிறது' என்றுதான் பொருள். வினைச்சொல்லாக வரும்போதுதான் வம்பு.

நீங்கள் எழுதும்போது 'டிஸ்கஸ்' அல்லது 'போஸ்ட்போன்' என்றே போடுங்கள். எக்செல் டேபிளுக்கு இந்தத் தொல்லை கிடையாது.