முதல் வேலையை விடுவது – கடிதம்

வணக்கம் சார்,

படிப்பு முடிந்ததும் சேர்ந்த நிறுவனத்தில் இரண்டு வருடமாக வேலை செய்கிறேன். வேறு இடத்தில் வேலை கிடைத்து, போன வாரம் ராஜினாமா மெயில் அனுப்பினேன். ராஜினாமா கொடுத்தபின் வேலை செய்யவேண்டிய நோட்டீஸ் காலம் 60 நாள். புதிய இடத்தில் 30 நாளில் சேரச் சொல்கிறார்கள். மேனேஜர் மெயிலுக்குப் பதிலே போடவில்லை. நேரில் கேட்டால், "ஒன்றும் தெரியாமல் வந்தாய், எல்லாம் கற்றுக்கொடுத்தோம், பிராஜெக்ட் முடியும்வரை விடமுடியாது" என்கிறார். எனக்கே நான் நன்றி கெட்டவனோ என்று தோன்றுகிறது. சில சமயம், நாளையிலிருந்து போகாமல் நின்றுவிடலாமா என்றும் தோன்றுகிறது.

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள நண்பருக்கு,

நின்றுவிடாதீர்கள். சொல்லாமல் போனவர் என்று பதிவாகிவிடும். பின்னால் யாராவது விசாரித்தால் அதுதான் அவர்கள் காதுக்குப் போகும். நியாயம் உங்கள் பக்கம் இருக்கும்போது எதற்கு அந்தப் பிடியை நிறுவனத்துக்குக் கொடுக்கவேண்டும்?

உங்களை நிஜமாக வாட்டுவது அந்த நன்றிப் பேச்சுதான் என்று நினைக்கிறேன். கற்றுக்கொடுத்தார்கள், சரி. கற்றதை வைத்து அவர்களுக்குத்தானே இரண்டு வருடம் உழைத்தீர்கள்? புதியவருக்குச் சம்பளம் குறைவாக இருப்பதில் அந்தக் கணக்கும் சேர்ந்திருக்கிறது. நாளைக்கே ஆள் குறைப்பு வந்தால் உங்கள் கையிலிருக்கும் வேலை முடியட்டும் என்று யாரும் காத்திருக்கமாட்டார்கள். அதற்காக உங்கள் மேனேஜரைக் கெட்டவர் என்று சொல்லவில்லை. நீங்கள் போனால் மேலிடத்தில் பதில் சொல்லவேண்டியவர் அவர், பதறுகிறார்.

முதல் வேலை என்பதால் அவரை வாத்தியார் இடத்தில் வைத்துவிட்டீர்கள், அதனால் அனுமதிக்காகக் காத்து நிற்கிறீர்கள். அரசு வேலை போன்ற சில இடங்களை விட்டுவிட்டால், ராஜினாமா என்பது பொதுவாக ஒரு தகவல்தான். நோட்டீஸ் காலத்தை முடிக்காமல் போனால் ஒப்பந்தப்படி பணம் கேட்கலாமே தவிர, ஆளைப் பிடித்து உட்காரவைத்து வேலை வாங்க முடியாது. கட்டாய உழைப்புக்கு எதிரான சர்வதேச தொழிலாளர் அமைப்பின் உடன்படிக்கைக்கு வயது ஒரு நூற்றாண்டை நெருங்குகிறது. அது 1930-இல் வந்தது. (இதை மேனேஜரிடம் போய்ச் சொல்லிவைக்காதீர்கள்.)

சேரும்போது படிக்காமல் கையெழுத்துப் போட்டிருப்பீர்களே, அந்த நியமன ஆணையை இப்போது படியுங்கள். 60 நாள் எந்தத் தேதியிலிருந்து ஓடுகிறது? மீதி நாளுக்குப் பணம் கட்டிவிட்டுக் கிளம்பலாமா, அதை முடிவு செய்வது நீங்களா அவர்களா? மிச்சமிருக்கும் லீவைக் கழித்துக்கொள்ளலாமா? பாண்ட் (இத்தனை காலம் விலகமாட்டேன் என்ற உறுதி), பயிற்சிச் செலவு என்று ஏதாவது ஒளிந்திருக்கிறதா? பார்த்துவிட்டு, ஹெச்.ஆருக்கும் காப்பி வைத்து மேனேஜருக்கு இன்னொரு மெயில் போடுங்கள்: இன்ன தேதியில் ராஜினாமா கொடுத்தேன், ஒப்பந்தப்படி என் கடைசி வேலைநாள் இன்ன தேதி. இரண்டு வரி போதும். காரணமும் வருத்தமும் எழுதினால் அதையே பிடித்துக்கொண்டு பேச்சு நீளும்.

புதிய இடத்தில் தேதியைத் தள்ளிக் கேளுங்கள். வேலைக்கு ஆள் எடுப்பவர்களுக்கு நோட்டீஸ் காலம் தெரியாத விஷயமா என்ன? 30 நாள் என்பது பெரும்பாலும் கேட்டுப் பார்ப்பதுதான். ஒத்துக்கொண்டால் புதிய தேதியை எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

மீதி நாட்களில் முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்ளாமல், செய்கிற வேலையை எழுதி வையுங்கள். எது பாதியில் நிற்கிறது, எந்தச் சிக்கலுக்கு யாரைக் கேட்கவேண்டும் என்பது வரை. உங்கள் இடத்துக்கு வரப்போகிறவரும் ஒன்றும் தெரியாமல்தான் வருவார். சம்பளச் சீட்டுகளை முன்னாடியே எடுத்துவைத்துக்கொள்ளுங்கள், கடைசி நாளில் லாகின் போய்விடும். நிறுவனத்தின் ஃபைல்களை மட்டும் தொடவேண்டாம். லேப்டாப்பைத் திருப்பிக் கொடுத்ததற்குக் கையெழுத்து, அப்புறம் வேலையிலிருந்து விடுவித்ததைச் சொல்லும் ரிலீவிங் லெட்டர். இரண்டையும் கேட்டு வாங்குங்கள்.

நடுவில் சம்பளத்தை ஏற்றித் தருகிறோம் என்று மேனேஜர் திடீரென்று இனிமையாகப் பேச ஆரம்பித்தால், பதில் சொல்வதற்கு முன் எனக்கு இன்னொரு கடிதம் போடுங்கள்.

அன்புடன்