ரசிகர் காணொளிக்கு எந்த ரெசல்யூஷன், எந்த விகிதம்? கேள்வி பதில்

கேள்வி: பழைய டிவிடி ஒன்றிலிருந்து காட்சிகளை எடுத்து ஒரு பாட்டுக்குத் தொகுத்திருக்கிறேன். கோப்பின் அளவு 720×480 என்று காட்டியது. அதே அளவில்தான் வெளியே எடுத்தேன் (எக்ஸ்போர்ட்). பார்த்தால் எல்லோர் முகமும் ஒடுங்கி நீண்டு தெரிகிறது. எங்கே தவறு?

பதில்: 720×480 என்பது டிவிடியில் படத்தைச் சேமித்து வைக்கும் அளவு. திரையில் தெரிய வேண்டிய வடிவம் அதுவல்ல. வகுத்துப் பாருங்கள், 1.5 வருகிறது. 4:3 என்றால் 1.33 வர வேண்டும், 16:9 என்றால் 1.78. இது இரண்டிலும் சேராது. டிவிடியின் பிக்சல்கள் சதுரமானவை அல்ல. ஒரே 720×480 சட்டத்துக்குள்தான் இரு வகைப் படங்களையும் அடைக்கிறார்கள். எந்த விகிதத்துக்கு விரிக்க வேண்டும் என்ற குறிப்பு தனியாக இருக்கும். பிளேயர் அதைப் படித்து விரித்துக் காட்டும். உங்கள் கோப்பு கை மாறியபோது அந்தக் குறிப்பு எங்கோ தொலைந்திருக்கிறது.

ஊகிக்கத் தேவையில்லை, அளந்தே பார்த்துவிடலாம். முழு நிலவோ கடிகாரமோ நேர் எதிரே தெரியும் ஒரு ப்ரேமில் நிறுத்துங்கள். அந்த வட்டத்தின் அகலத்தையும் உயரத்தையும் பிக்சலில் எண்ணுங்கள். அகலம் 200, உயரம் 237 என்பதுபோல் வந்தால் அது விரிக்கப்படாத 16:9. அகலம் 225, உயரம் 200 என்று தட்டையாக வந்தால் 4:3. நீங்கள் சொல்வதைப் பார்த்தால் முதல் வகைதான். 854×480 அளவுக்கு விரித்துவிட்டுத் தொகுப்பைத் தொடங்குங்கள். 4:3 ஆக இருந்திருந்தால் 640×480 என்று வைத்திருக்கலாம். 720×576 அளவுள்ள டிவிடிகளுக்கு முறையே 1024×576, 768×576.

கேள்வி: ஒரே தொடரின் முதல் பருவம் 4:3, அடுத்தது 16:9. இரண்டையும் கலந்து ஒரே காணொளி செய்ய வேண்டும். பழைய காட்சிகளை இழுத்து நீட்டினால் பெரிதாகத் தெரியுமா?

பதில்: தெரியும். தயவுசெய்து அதை மட்டும் செய்யாதீர்கள். 4:3 படத்தை 16:9க்கு இழுத்தால் ஒவ்வொரு முகமும் மூன்றில் ஒரு பங்கு அகலமாகிவிடும். அது அனிமேஷன் தொடர் என்றால் ஒருவர் கையால் வரைந்த கோட்டையே நாம் மாற்றி எழுதுகிறோம். பிடித்த படைப்புக்காகத்தானே காணொளி செய்கிறோம்? அதன் உருவத்தைக் காப்பாற்றுவதுதான் முதல் கடமை.

எந்தப் பருவத்தின் காட்சிகள் அதிகம் என்று முதலில் பாருங்கள். சட்டத்தை அதுவே முடிவு செய்யட்டும். 4:3 காட்சிகள் அதிகமென்றால் முழுவதையும் 4:3 ஆகவே செய்யுங்கள். 1440×1080இல் நல்ல காணொளிகள் தாராளமாகச் செய்யலாம். புதியவை அதிகமென்றால் பழையவற்றை மேலும் கீழும் வெட்டி 16:9க்குப் பொருத்தலாம். ஆனால் உயரத்தில் கால் பங்கு போய்விடும். எல்லாக் காட்சிகளையும் நடுவிலேயே வெட்டினால் நெற்றியும் முடியும் காணாமல் போகும். காட்சிக்குக் காட்சி சட்டத்தை மேலேயோ கீழேயோ நகர்த்தி, கண்கள் சட்டத்தின் மேல்பாதியில் இருக்குமாறு வையுங்கள். நேரம் பிடிக்கும் வேலைதான். ஆனால் காணொளியின் தரம் இங்கேதான் உயர்கிறது.

எந்த இடத்தில் வெட்டினாலும் கெட்டுப்போகும் காட்சிகள் சில இருக்கும். அவற்றை மட்டும் இருபுறமும் கறுப்புப் பட்டையோடு விட்டுவிடலாம். அதே காட்சியை மங்கலாக்கிப் பின்னால் நிரப்பும் வழக்கம் எனக்கு உடன்பாடில்லை. ஓரத்தில் ஏதோ அசைந்துகொண்டே இருப்பதால் பார்ப்பவரின் கண் முகத்தை விட்டு அங்கே போய்விடுகிறது.

கேள்வி: ப்ளூ-ரேயிலிருந்து எடுத்த திரைப்படம். அளவு 1920×1080 என்கிறது. ஆனால் மேலும் கீழும் கறுப்புப் பட்டை இருக்கிறது. வெட்டலாமா?

பதில்: வெட்டுங்கள். 2.39 விகிதப் படத்துக்கு 1080 வரிகளில் ஏறத்தாழ 804 வரிகள்தான் படம். மீதி வெறும் கறுப்பு. 1920×804 என்றே வெளியே எடுங்கள், தேவையான பட்டையைப் பார்ப்பவரின் பிளேயரே போட்டுக்கொள்ளும். பட்டையைக் கோப்புக்குள் வைத்தே அனுப்பினால், 16:9ஐவிட அகலமான கைபேசித் திரையில் நான்கு பக்கமும் கறுப்பு சூழ்ந்து படம் நடுவில் சிறுத்துப்போகும்.

கணக்குப்படி 803 வந்தாலும் 804 என்று வைப்பதற்குக் காரணம் உண்டு. வழக்கமான காணொளிக் கோப்புகளில் நிறத் தகவல் இரண்டுக்கு இரண்டு பிக்சல் தொகுதியாகப் பதிவாகிறது. அகலமும் உயரமும் இரட்டைப்படை எண்ணாக இல்லாவிட்டால் பல மென்பொருள்கள் மறுத்துவிடும், அல்லது ஓரத்தில் ஒரு வரி கெட்டுப்போகும்.

1.85, 2.39 என்று பல படங்களைக் கலக்கும்போது பட்டை குதித்துக் குதித்து மாறும். அது கண்ணை உறுத்தும். எல்லாவற்றையும் அகலமான விகிதத்துக்கே வெட்டிவிடுங்கள்.

கேள்வி: 480 அளவுக் காட்சிகளை 1080க்குப் பெரிதாக்கினால் தெளிவு கூடுமா?

பதில்: சாதாரணமாகப் பெரிதாக்கினால் புதிய நுணுக்கம் எதுவும் வராது. ஆனாலும் ஒரு பயன் உண்டு. காணொளித் தளங்கள் நாம் ஏற்றும் கோப்பின் தரவை மறுபடி சுருக்குகின்றன. பெரிய ரெசல்யூஷனுக்குக் கூடுதல் பிட்ரேட் (ஒரு நொடிக் காணொளிக்கான தரவின் அளவு) ஒதுக்குகின்றன. அதனால் 480ஆக ஏற்றியதைவிட, பெரிதாக்கி ஏற்றியது பெரும்பாலும் குறைவாகச் சிதையும். ஒரே ஒரு முறை, கடைசிக் கட்டத்தில் மட்டும் பெரிதாக்குங்கள். திரும்பத் திரும்ப அளவு மாற்றினால் ஒவ்வொரு முறையும் விளிம்புகள் மழுங்கும்.

கேள்வி: அசைவு வரும் இடங்களில் சீப்புப் பற்கள்போல் கோடுகள் தெரிகின்றன. அளவு மாற்றியதும் இன்னும் மோசமாகிவிட்டது.

பதில்: அது இன்டர்லேஸ் கோடு. ஒரு ப்ரேமின் ஒற்றை வரிகளும் இரட்டை வரிகளும் வெவ்வேறு கணத்தில் பதிவாவதால் வருவது. அளவு மாற்றுவதற்கு முன்பே அதை நீக்கியிருக்க வேண்டும். மாற்றிய பிறகு அந்தக் கோடுகள் படத்தோடு கலந்துவிடும், பிரிக்க முடியாது. மூலக் கோப்புக்கே திரும்புங்கள். அசைவுள்ள இடத்தில் ஐந்து ப்ரேம்களை ஒவ்வொன்றாக நகர்த்திப் பாருங்கள். மூன்று சுத்தமாகவும் இரண்டு கோடுகளோடும் மாறி மாறி வந்தால், அது நொடிக்கு 24 ப்ரேம் படம் 29.97க்கு மாற்றப்பட்டது. அதற்கு 'இன்வர்ஸ் டெலிசினி' என்ற வடிகட்டியைப் பயன்படுத்தினால் 23.976 ப்ரேம்களும் முழுமையாகத் திரும்பக் கிடைக்கும். எல்லா ப்ரேமிலும் கோடு இருந்தால் மட்டும் சாதாரண டிஇன்டர்லேஸ், அதாவது கோடு நீக்கும் வடிகட்டி.

கேள்வி: கைபேசிக்காக நிமிர்ந்த காணொளி செய்ய ஆசை. 1920×1080 மூலத்திலிருந்து 1080×1920 எடுக்கலாமா?

பதில்: எடுக்கலாம். ஆனால் 1080 உயரத்தில் 9:16 துண்டு என்பது 608 பிக்சல் அகலம்தான். படத்தின் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. அதையும் பெரிதாக்க வேண்டும். இருவர் எதிரெதிரே நின்று பேசும் காட்சி இதில் அடங்காது. முடிந்த காணொளியை வெட்டாமல், ஒரே முகமோ நின்ற உருவமோ உள்ள காட்சிகளைத் தேர்ந்து புதிதாகத் தொகுங்கள்.

கேள்வி: 4கேயில் தொகுக்க வேண்டுமா?

பதில்: மூலம் 4கே இல்லையென்றால் வேண்டாம். கணினி 1080ஐவிட நான்கு மடங்கு பிக்சல்களைச் சுமக்கும். தொகுக்கும் உங்களுக்குப் பலன் இல்லை.

கேள்வி: டிவிடி காட்சியை 1080க்கு மாற்றியபின் சிவப்பும் பச்சையும் சற்றே மாறித் தெரிகின்றன. என் திரையின் கோளாறா?

பதில்: திரையில் கோளாறு இருக்காது. நிறத்தை எண்ணாக எழுத பிடி.601, பிடி.709 என்று இரு தரநிலைகள் உண்டு. டிவிடி நிறங்கள் பிடி.601 கணக்கில் எழுதப்பட்டவை. எச்டி அளவைக் கண்டால் பிளேயர்கள் பிடி.709 என்று எடுத்துக்கொள்ளும். பெரிதாக்கும்போதே நிறத்தையும் 601இலிருந்து 709க்கு மாற்றி, கோப்பிலும் 709 என்று குறித்துவிடுங்கள். பெயரை மட்டும் மாற்றினால் போதாது, மாற்றமும் நடக்க வேண்டும். பிறகு மூலத்தையும் புதிய கோப்பையும் ஒரே ப்ரேமில் நிறுத்தி, தோல் நிறத்தை ஒப்பிட்டுப் பாருங்கள்.