ஐஸ் கம்பெனியில் உயிர் போனால் ஆபரேட்டர் மட்டும்தான் குற்றவாளியா?

கேள்வி: மண்டபம் பக்கம் ஐஸ் கம்பெனியில் அமோனியா கசிந்து என் மைத்துனர் இறந்துவிட்டார். எஃப்.ஐ.ஆரில் ஆபரேட்டர் பெயர் மட்டுமே இருக்கிறது. கம்பெனியையும் சேர்க்க முடியுமா?

முடியும். பாரதிய நியாய சன்ஹிதா 106(1), அதாவது பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 304ஏ, கவனக்குறைவால் மரணம் விளைவித்தால் 5 ஆண்டு வரை சிறையும் அபராதமும் சொல்கிறது. சட்டப்படி 'நபர்' என்பதில் கம்பெனியும் அடங்கும். கம்பெனியைச் சிறையில் அடைக்க முடியாதே என்ற வாதம் 2005லேயே உச்ச நீதிமன்றத்தில் எடுபடவில்லை, அபராதம் விதிக்கலாம். பிரிட்டனில் 2007இல் வந்ததுபோல இதற்கென்று தனிச் சட்டம்தான் நம்மிடம் இல்லை.

முதலில் அது என்ன வகைத் தொழில் என்று பாருங்கள். நம் கரையில் ஒற்றை முதலாளி நடத்துவதற்கும் 'கம்பெனி' என்றுதான் பெயர். அப்படியானால் முதலாளியே நேரடி எதிரி, அதாவது குற்றம் சாட்டப்பட்டவர். போர்டில் உள்ள ஜி.எஸ்.டி. எண்ணை இணையத்தில் தட்டினால் தெரிந்துவிடும். பிரைவேட் லிமிடெட் என்றால் டைரக்டர் என்ற பதவி மட்டும் போதாது, அவருடைய சொந்தப் பங்கைக் காட்ட வேண்டும்.

வழக்கு தோற்பது பெரும்பாலும் வேறு இடத்தில். பெயின்ட் தொழிற்சாலைத் தீயில் 7 தொழிலாளர்கள் இறந்த வழக்கில், மேனேஜர் விதி மீறியது உண்மைதான், ஆனால் சாவுக்கு நேரடிக் காரணம் தொழிலாளி ஒருவரின் செயல் என்று 1960களில் உச்ச நீதிமன்றம் அவரை 304ஏயிலிருந்து விடுவித்தது. டெல்லி உபஹார் தியேட்டர் தீயிலோ வெளியேறும் வழியை அடைத்ததே சாவுக்குக் காரணம் என்று உரிமையாளர்கள் மீதான தண்டனைத் தீர்ப்பு நின்றது.

ஆகவே புகாரில் "பாதுகாப்பு இல்லை" என்று பொத்தாம்பொதுவாக எழுதாதீர்கள். எந்த வால்வு முன்பே கசிந்தது, யாரிடம் எப்போது சொன்னார்கள், ஓட்டச் சொன்னது யார், முகக்கவசம் இருந்ததா, கதவு பூட்டியிருந்ததா என்று எழுதுங்கள். லாக் புக், மெக்கானிக் பில், வாட்ஸ்அப் குரல் பதிவு, கழற்றிய வால்வு எல்லாவற்றையும் கைப்பற்றக் கேளுங்கள். படகு கடலுக்குப் போகும் நாள் வந்தால் பிளாண்ட் ஓடியாக வேண்டும். வால்வை மாற்றிவிட்டால் தடயம் போச்சு.

இன்ஸ்பெக்டர் அசையாவிட்டால் எஸ்.பி.க்குப் பதிவுத் தபால். அதற்கும் பலனில்லை என்றால் மாஜிஸ்திரேட்டிடம் பி.என்.எஸ்.எஸ். (புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம்) 175(3) மனு. கோர்ட் விசாரணையில் சாட்சியம் வந்தால் அதே சட்டத்தின் 358இன்கீழ் பிறகும் எதிரியைச் சேர்க்கலாம்.

இழப்பீட்டு மனு தனி, இதற்காகக் காத்திருக்க வேண்டாம். பத்திரத்தில் சமரசம் எழுதி வாங்க வருவார்கள். 106 சமரசத்துக்குரிய குற்றம் அல்ல, கையெழுத்துப் போடாதீர்கள்.