பால் பாக்கெட் வெச்சா பேப்பர் பை ஏன் அடி விடுது?

கேள்வி: அக்கா, எங்க தெரு மளிகைக் கடையில இப்பல்லாம் 5 ரூபாய்க்கு ஒரு பேப்பர் பை தர்றாங்க. நல்லா திக்காத்தான் இருக்கு, போன வாரம் ரெண்டு கிலோ பருப்பும் சர்க்கரையும் அதுலதான் தூக்கிட்டு வந்தேன், ஒண்ணும் ஆகல. நேத்து ரெண்டு பால் பாக்கெட், ஒரு தயிர் பாக்கெட் மட்டும்தான் வெச்சேன், வீட்டுக்கு வர்றதுக்குள்ள அடி விட்டுருச்சு, வாசப்படி பூரா தயிர். மட்டமான பையைக் கொடுத்து ஏமாத்துறாங்களா?

பதில்: ஏமாத்தலம்மா. காஞ்ச சாமானுக்கு அது நல்ல பைதான், ஃப்ரிட்ஜ்ல இருந்து எடுத்த பால் பாக்கெட்தான் வில்லன். வெளிய வந்த ரெண்டாவது நிமிஷமே அது மேல முத்து முத்தா வேர்த்துரும், அந்தத் தண்ணி இறங்கி இறங்கி அடிப்பக்கம் போய்ச் சேரும், பேப்பருக்கு அவ்வளவு போதும்.

பேப்பர்னா என்னன்னு பாத்தா, நார்தான். மரத்துல இருந்தோ, நம்ம கரூர் பக்கத்து காகித ஆலையில மாதிரி கரும்புச் சக்கையில இருந்தோ நாரைப் பிரிச்சு, நிறைய தண்ணில கலக்கி, வலை மேல ஊத்தி, தண்ணிய வடிச்சு, அழுத்தி, காய வெச்சா பேப்பர். இதுல நாரையும் நாரையும் ஒட்ட வைக்கப் பெருசா கோந்து எல்லாம் கிடையாது. காயக் காய நாருங்க நெருங்கி வந்து ஹைட்ரஜன் பிணைப்புன்னு சொல்ற ஒரு பிடியில ஒண்ணை ஒண்ணு பிடிச்சுக்கும். தனியாப் பாத்தா சின்னப் பிடிதான், ஆனா கோடிக்கணக்குல இருக்குறதால பை ரெண்டு கிலோ தாங்குது. திரும்பத் தண்ணி உள்ள போனா என்ன ஆகும், நார் பக்கத்து நாரை விட்டுட்டு தண்ணியப் பிடிச்சுக்கும், அவ்ளோதான். சாதாரணப் பேப்பர் முழுசா நனைஞ்சா காஞ்சப்போ இருந்த பலத்துல பத்துல ஒரு பங்கு மிஞ்சுறதே பெருசு.

இதுல நார் மேல தப்பே இல்ல. கிழிஞ்ச பையோட ஓரத்தை வெளிச்சத்துல பிடிச்சுப் பாருங்க, மயிர் மயிரா நீட்டிட்டு இருக்கும், அது நார் அறுந்தது இல்ல, முழுசா உருவிட்டு வந்தது. இன்னொண்ணு, பஜ்ஜி கட்டிக் குடுத்த பேப்பர் எண்ணெயில ஊறி கண்ணாடி மாதிரி ஆகிரும், ஆனா லேசுல கிழியாது, கவனிச்சிருக்கீங்களா? எண்ணெய்க்கு அந்தப் பிடியை விடுவிக்கத் தெரியாது, தண்ணிக்குத்தான் தெரியும். எங்க பாட்டி பழைய பேப்பரை எல்லாம் ஊறப் போட்டு, வெந்தயம் சேர்த்து ஆட்டுக்கல்லுல ஆட்டி, குடத்தைக் கவுத்து அது மேல அப்பிக் காய வெச்சு கூடை செய்வாங்க, தட்டினா டங்குனு சத்தம் வரும். தண்ணில விட்ட பிடி காஞ்சா திரும்ப வந்துரும்னு பாட்டிக்கு யாரும் சொல்லித் தரல, ஆனா அதை வெச்சுத்தான் அரிசி அளக்குற கூடையே பண்ணாங்க.

சரி, வாங்கும்போது எதைப் பாக்கணும். ஜிஎஸ்எம், அதாவது ஒரு சதுர மீட்டர் பேப்பர் எத்தனை கிராம்ங்கிற கணக்கு, ஜாஸ்தின்னு கடைக்காரர் சொன்னா அது கனம் மட்டும்தான், ஈரத்துக்கு அது பதில் கிடையாது, நனைய கொஞ்சம் லேட் ஆகும் அவ்ளோதான். மேல ஒரு சொட்டுத் தண்ணி விட்டா உருண்டு ஓடுதேன்னும் ஏமாறாதீங்க, தண்ணி சீக்கிரம் உள்ள போகாம இருக்க ஆலையிலயே ஒரு மருந்து சேர்க்குறாங்க, எழுதுற பேப்பர்ல இங்க் பரவாம இருக்குறதும் அதனாலதான், ஆனா தண்ணி ஒரு தடவை உள்ள போயிட்டா அது காப்பாத்தாது. ஈரத்துலயும் பிடிச்சு நிக்கணும்னா அதுக்கு வேற பிசின், நாரோட நாரைத் தண்ணிக்கு மசியாத மாதிரி கட்டிப்போடுற பிசின், கலந்துருக்கணும். பை ஓரத்துல ஒரு விரல் அளவு கிழிச்சு, தண்ணில அஞ்சு நிமிஷம் போட்டு, ரெண்டு கையால இழுத்துப் பாருங்க, பிசின் இருந்தா எதிர்த்து இழுக்கும், இல்லேன்னா வழுக்கிட்டு வந்துரும். அடியில ஒட்டின பசையையும் பாருங்க, கையால ஒட்டுற பைல மைதாப் பசைதான் நிறைய, பேப்பர் தாங்கினாலும் அது கரைஞ்சுரும். பால், தயிர், கீரைக்கு எல்லாம் துணிப் பைதான் என் ஓட்டு. பருத்தி நார் நனைஞ்சா பலம் கூடும், குறையாது.

கேள்வி: கிச்சன் ரோல் விலை ஜாஸ்தியா இருக்கு, அதுக்குப் பதிலா டாய்லெட் ரோலையே வெச்சு மேடையைத் துடைச்சா என்ன?

பதில்: துடைங்க, அப்புறம் மேடையில ஒட்டின துணுக்கைப் பொறுக்க ஒரு துணி எடுங்க. கிச்சன் ரோல்ல நான் மேல சொன்ன பிசின் இருக்கு, டாய்லெட் ரோல்ல வேணும்னே போடுறதில்ல, அது பைப்புக்குள்ள பிரிஞ்சு போகணுமே. ரெண்டையும் தனித்தனி பாட்டில்ல தண்ணி ஊத்திப் போட்டுக் குலுக்கிப் பாருங்க, ஒண்ணு கஞ்சி ஆகிரும், இன்னொண்ணு அப்படியே சுத்திட்டு இருக்கும். அதனால தயவுசெஞ்சு கிச்சன் ரோலை டாய்லெட்ல போட்டுத் தண்ணி ஊத்தாதீங்க, அடைச்சா பிளம்பர் கேக்குற காசுல ஒரு வருஷத்துக்கு ரோல் வாங்கலாம். டீ பேக் கொதிக்குற தண்ணில கிழியாததும் இதே கதைதான், கூடவே அதுல அபாக்கான்னு வாழை இனத்து நீள நாரும் இருக்கும்.

கேள்வி: கடை பேர் அச்சடிச்ச பேப்பர் பைக்கு காசு வாங்கலாமா?

பதில்: 2019ல சண்டிகர்ல ஒருத்தர் செருப்புக் கடையில 3 ரூபாய் பேப்பர் பைக்கு கேஸ் போட்டு ஜெயிச்சாரு, எங்க விளம்பரத்தை நீ தூக்கிட்டுப் போக நீயே காசு குடுன்னு சொல்றது சரியில்லன்னு நுகர்வோர் மன்றம் சொல்லிருச்சு. பில் போடுறதுக்கு முன்னாடியே பைக்கு காசுன்னு சொன்னாங்களான்னு முதல்ல பாருங்க. சொல்லாம பில்லுல ஏத்திருந்தா அங்கயே கேளுங்க, மசியலன்னா தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்குப் போன் பண்ணுங்க, பில்லைத் தூக்கிப் போட்டுறாதீங்க. அதையும் பால் பாக்கெட் பக்கத்துல வைக்காதீங்க.