46 ஆண்டுகள் கழித்து ஒரு விருந்து

வணக்கம் ஐயா,

இரண்டாம் உலகப் போரில் எதிரியின் ரகசியக் குறிகளை உடைத்த பிரிட்டிஷ் ரகசிய நிலையமான பிளெட்ச்லி பார்க் பற்றிய உங்கள் கட்டுரையை வாசித்தேன். என் அப்பா ராணுவத்தில் சிக்னல்ஸ் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். வருஷத்துக்கு ஒருமுறை அவர்களுடைய முன்னாள் படைவீரர் சங்கம் கூடும். அன்றைக்கு அப்பாவைக் கையில் பிடிக்க முடியாது, வீட்டுக்கு வந்த பிறகும் பேச்சு ஓயாது. எதிரியின் ரகசியக் குறிகளை உடைத்தவர்களுக்கும் இப்படி ஒரு சங்கம் உண்டா? வாயே திறக்கக்கூடாது என்று கையெழுத்துப் போட்டவர்கள் கூடி என்னதான் பேசுவார்கள்? எனக்கு என்னவோ அந்த மௌனம்தான் அவர்களுக்குப் பெருமை, சங்கம் எதற்கு என்று தோன்றுகிறது. இன்னொன்று. என் தாத்தாவின் அண்ணன் போர்க்காலத்தில் டெல்லியில், ஆனந்த் பர்பத்தில், 'ஏதோ வயர்லெஸ் வேலை' பார்த்தார் என்று மட்டும் வீட்டில் சொல்வார்கள். அதற்கும் இதற்கும் சம்பந்தம் இருக்குமா?

ம., திருநெல்வேலி

அன்புள்ள ம.,

சங்கம் உண்டா என்றால், நெடுங்காலம் இல்லை, இருக்கவும் முடியாது. சங்கம் என்று வைத்தால் ஒரு பெயர்ப்பலகை வேண்டும், உறுப்பினர் பட்டியல் வேண்டும், நீங்கள் எங்கே வேலை பார்த்தீர்கள் என்று கேட்டால் சொல்ல ஒரு பதில் வேண்டும். 1945 தொடக்கத்தில் பிளெட்ச்லியிலும் அதைச் சேர்ந்த கிளை நிலையங்களிலுமாக ஏறத்தாழ 9,000 பேர் இருந்தார்கள், நாலில் மூன்று பங்கு பெண்கள், பெரும்பாலும் இருபதை ஒட்டிய வயது. போர் முடிந்து வீட்டுக்கு அனுப்பும்போது, சேர்ந்த நாளில் சொன்னதையே திரும்பச் சொல்லி அனுப்பினார்கள்: யாரிடமும் மூச்சு விடாதே. பெற்றவர்களிடம் கூடாது, கட்டிக்கொள்ளப் போகிறவரிடமும் கூடாது. அப்பா அம்மா கேட்டால் 'ஆபீஸ் வேலை' என்று சொல்லிவிட்டு டைப்பிஸ்டாகவோ ஆசிரியையாகவோ போய்விட்டார்கள். 1974ல் விண்டர்போதம் என்ற முன்னாள் விமானப்படை அதிகாரி புத்தகமாகவே எழுதி வெளியிட்ட பிறகுதான் விஷயம் ஊருக்குத் தெரிந்தது. அப்போதும் பலர் பேசவில்லை. 30 வருஷம் பூட்டி வைத்த வாய், யாரோ ஒருவர் புத்தகம் போட்டார் என்பதற்காக உடனே திறந்துவிடாது.

அவர்களை ஒன்றுசேர்த்தது பாதி அந்தக் கட்டடங்கள்தான் என்பேன். 1991ல் பிளெட்ச்லி வளாகம் பிரிட்டிஷ் டெலிகாம், அரசு இரண்டின் கையிலும் இருந்தது. இடித்துவிட்டு வீடு கட்டும் யோசனை ஓடிக்கொண்டிருந்தது. அங்கே வேலை பார்த்தவர்களில் உயிரோடிருப்பவர்களைத் தேடிப் பிடித்து, கட்டடங்கள் போவதற்குள் அவர்கள் நினைவுகளையாவது பதிந்து வைப்போம் என்று உள்ளூர் தொல்லியல், வரலாற்றுக் கழகத்துக்காரர்கள் முடிவு செய்து, அந்த ஆண்டு அக்டோபரில் ஒரு விடைபெறும் விருந்துக்கு அழைத்தார்கள். சுமார் 400 பேர் வந்தார்கள். விடை கொடுக்கக் கூடியவர்கள் பேசப் பேச, இதை இடிக்க விடக்கூடாது என்ற முடிவுக்கு வந்துவிட்டார்கள். 1992 பிப்ரவரியில் பிளெட்ச்லி பார்க் அறக்கட்டளை பிறந்தது, மில்டன் கீன்ஸ் நகராட்சி வளாகத்தின் பெரும்பகுதியைப் பாதுகாக்கப்பட்ட இடமாக அறிவித்தது. அடுத்த வருஷமே பார்வையாளர்களை உள்ளே விட ஆரம்பித்தார்கள்.

சரி, கூடி என்ன பேசினார்கள் என்கிறீர்கள். எனக்கு இந்த வரலாற்றிலேயே மிகவும் பிடித்த இடம் இதுதான். உங்கள் அப்பாவும் நண்பர்களும் கூடும்போது எல்லோருக்கும் தெரிந்த கதையைத்தான் மறுபடி சொல்லிச் சிரிப்பார்கள், எந்த முகாம், எந்த அதிகாரி, எந்த ஆற்றங்கரை என்று. பிளெட்ச்லிக்காரர்களுக்கோ தாங்கள் அங்கே என்ன செய்தோம் என்பதே முழுதாகத் தெரியாது. வேலை நடந்த மரக் கொட்டகைகளைக் குடிசை என்பார்கள். ஒரு குடிசையில் இருந்தவருக்கு அடுத்த குடிசையில் என்ன நடக்கிறது என்று சொல்ல மாட்டார்கள், கேட்பதும் குற்றம்.

ஜெர்மானியரின் எனிக்மா குறி இயந்திரத்தை அன்றன்றைக்கு எப்படி அமைத்திருக்கிறார்கள் என்று, அதாவது அதன் சாவியை, தேடிக் கொடுத்தது பாம் (Bombe) என்ற இயந்திரம். அதை ஓட்டிய பெண்களையே எடுத்துக்கொள்ளுங்கள். கடற்படை மகளிர் பிரிவைச் சேர்ந்தவர்கள், ரென்கள் என்பார்கள். ஆளுயரத்துக்கு மேல் ஒரு பீரோ, எடை ஏறக்குறைய ஒரு டன், முகப்பில் 108 உருளைகள். ஒவ்வொரு உருளையின் பின்பக்கமும் மெல்லிய கம்பியால் ஆன தூரிகைகள் இருக்கும். ஒரு கம்பி வளைந்து பக்கத்துக் கம்பியைத் தொட்டால் போதும், ஷார்ட் ஆகி விடை தப்பாகிவிடும். ஆகவே கையில் ட்வீசருடன் உட்கார்ந்து ஒவ்வொரு கம்பியாக நிமிர்த்திப் பிரித்துவிட வேண்டும். அப்புறம் உருளைகளைத் தூக்கி மாட்டி, கொடுத்த வரைபடத்தின்படி பின்னால் கேபிள்களைச் செருகி, ஓடவிட்டு, அந்த இரைச்சலிலும் எண்ணெய் நாற்றத்திலும் எட்டு மணி நேர ஷிப்ட் நிற்க வேண்டும். இயந்திரம் நின்றால் அது காட்டுவதைக் குறித்துப் போனில் சொல்லுவார்கள். அந்த முனையிலிருந்து 'வேலை முடிந்தது, கழற்றலாம்' என்று வந்தால் அன்றைய சாவி கிடைத்துவிட்டது என்று அர்த்தம். அவ்வளவுதான் அவர்களுக்குத் தெரியும். எந்தச் செய்தி திறந்தது, எந்தக் கப்பல் தப்பியது என்று யாரும் சொல்லவில்லை. எங்கோ கடலோரத்து ஒட்டுக்கேட்பு நிலையத்தில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு அர்த்தமில்லாத எழுத்துக் கொத்துகளை எழுதித் தள்ளியவளுக்கு அதுவும் தெரியாது, காகிதம் மோட்டார் சைக்கிளில் எங்கே போகிறது என்பதே தெரியாது. தங்கள் வேலை எதில் போய்ச் சேர்ந்தது என்பதை வயதான பிறகு இப்படித் திரும்பி வந்தபோதுதான் புரிந்துகொண்டதாகப் பலர் பதிவு செய்திருக்கிறார்கள். எழுபது வயதில் தன் இருபது வயதின் அர்த்தத்தைத் தெரிந்துகொள்வது எப்படி இருக்கும், நினைத்துப் பாருங்கள். சங்கம் எதற்கு என்று கேட்டீர்களே, இதற்குத்தான்.

மௌனம்தான் பெருமை என்று எழுதியிருக்கிறீர்கள். அதில் நான் உங்களோடு பாதிதான் ஒத்துப்போவேன். போர் முடியும்வரை அது உயிர் காத்த மௌனம், சந்தேகமே இல்லை. போருக்குப் பிறகும் பல நாடுகள் செய்தியை மறைக்க எனிக்மா மாதிரியான சுழல் உருளை இயந்திரங்களைத்தான் பயன்படுத்தின, எனவே இன்னும் சில வருஷம் மூடி வைத்ததும் புரிகிறது. ஆனால் அந்த மௌனத்தின் செலவை யார் தலையில் கட்டினார்கள் என்று பாருங்கள். டாமி ஃப்ளவர்ஸ் தபால், தொலைபேசித் துறையின் இன்ஜினியர். ஹிட்லரின் தளபதிகள் பயன்படுத்திய லோரென்ஸ் குறியை உடைக்க 1,600 வால்வுகளை வைத்து கொலோசஸ் என்ற மின்னணு இயந்திரத்தை லண்டனில் டாலிஸ் ஹில்லில் இருந்த அத்துறையின் ஆய்வு நிலையத்தில் கட்டினார், 1944 தொடக்கத்தில் அது பிளெட்ச்லியில் வேலைக்கு வந்துவிட்டது. நொடிக்கு 5,000 எழுத்து படிக்கும். போர் முடியும்போது இப்படிப் பத்து இயந்திரங்கள் ஓடிக்கொண்டிருந்தன. முடிந்ததும் பெரும்பாலானவற்றைப் பிரித்துப் போட்டார்கள். வரைபடங்களை எரிக்கச் சொன்னார்கள், தன் கையாலேயே உலையில் போட்டார் ஃப்ளவர்ஸ். அவருக்குக் கொடுத்த 1,000 பவுண்டு, அவர் கைக்காசு போட்ட அளவுக்குக்கூட வரவில்லை. பிறகு இதே மாதிரி ஒரு இயந்திரம் கட்டக் கடன் கேட்டு பேங்க் ஆஃப் இங்கிலாந்துக்குப் போனார். இதெல்லாம் வேலை செய்யாது என்று மறுத்துவிட்டார்கள். ஏற்கெனவே கட்டி ஓட்டியும் காட்டிவிட்டேன் என்று அந்த மனிதரால் அங்கே சொல்ல முடியவில்லை. இதைப் பெருமை என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. 1996ல், டோனி சேல் என்பவர் ஒரு சில பழைய புகைப்படங்களையும், சில இன்ஜினியர்கள் விதியை மீறி எடுத்து வைத்திருந்த துண்டு வரைபடங்களையும் வைத்துக்கொண்டு கொலோசஸை மறுபடி கட்டி பிளெட்ச்லியில் ஓடவிட்டபோது ஃப்ளவர்ஸ் அங்கே இருந்தார். 90 வயது. இன்னும் இரண்டு வருஷம்தான் உயிரோடிருந்தார்.

உங்கள் தாத்தாவின் அண்ணன் விஷயத்துக்கு வருகிறேன். ஆனந்த் பர்பத்தில், ராம்ஜஸ் கல்லூரிக் கட்டடத்தில் இருந்தது வயர்லெஸ் எக்ஸ்பெரிமெண்டல் சென்டர். பெயருக்குத்தான் பரிசோதனை, பிளெட்ச்லியின் வெளிநாட்டுக் கிளை அது, ஜப்பானிய ராணுவச் செய்திகளைப் பிடித்து உடைப்பதுதான் வேலை. ஆயிரம் பேருக்கு மேல், பிரிட்டிஷ் படையினரும் இந்தியப் படையினருமாக இருந்தார்கள். பெங்களூரிலும் கல்கத்தாவை அடுத்த பாரக்பூரிலும் அதற்குத் துணை நிலையங்கள். ஜப்பானியர் படைகளையும் சரக்கையும் கப்பலில் அனுப்பப் பயன்படுத்திய நீர்ப்போக்குவரத்துக் குறியில் 1943ல் முதல் ஓட்டை போட்டவர்களில் இந்தக் குன்றின்மேல் இருந்த வில்ஃப்ரிட் நாய்ஸும் ஒருவர். பத்து வருஷம் கழித்து எவரெஸ்ட் ஏறிய குழுவில் போனாரே, அதே நாய்ஸ்தான். மலையைப் பற்றி எழுத முடிந்த அவருக்கு இதைப் பற்றிப் பேச வாய்ப்பே வரவில்லை, 1962ல் பாமிர் மலையில் விழுந்து இறந்துபோனார். உங்கள் வீட்டில் 'ஏதோ வயர்லெஸ் வேலை' என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்ததில் ஆச்சரியமே இல்லை, உங்கள் பெரியவர் உத்தரவை ஒழுங்காகக் காப்பாற்றியிருக்கிறார் என்று அர்த்தம்.

அங்கீகாரம் வந்தது ரொம்பத் தாமதமாகத்தான். 2009ல் பிரிட்டிஷ் அரசு, உயிரோடிருந்த பிளெட்ச்லிக்காரர்களுக்கும் கிளை நிலையத்துக்காரர்களுக்கும் சட்டையில் குத்திக்கொள்ள ஒரு சின்ன பேட்ஜ் கொடுத்தது. பின்பக்கத்தில் 'நாங்களும் பணியாற்றினோம்' என்ற பொருளில் ஒரு வரி பொறித்திருக்கும். போர் முடிந்து 64 வருஷத்துக்குப் பிறகு! அந்தப் பேட்ஜை வாங்காமலே போனவர்கள்தான் அதிகம். பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் போய்ப் பிளெட்ச்லி பற்றிப் பேசிக்கொண்டிருந்த பெட்டி வெப் 2025 மார்ச்சில் 101 வயதில் காலமானார், இனி கூட்டங்களுக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும்தான்.

அறக்கட்டளை ஒரு பெயர்ப் பட்டியல் வைத்திருக்கிறது. பிளெட்ச்லி என்றில்லை, அந்தப் போரில் ஒட்டுக்கேட்பு, குறியுடைப்பு வேலையில் வேறு இடங்களில் இருந்தவர்களையும் அதில் சேர்க்கிறார்கள், குடும்பத்தார் தரும் தகவலையும் வாங்கிக்கொள்கிறார்கள். முதலில் பெரியவர் பெயர் ஏற்கெனவே இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள், இந்தியப் பெயர்களின் ஆங்கில எழுத்து முன்பின்னாக இருக்கும், நாலு விதமாகத் தட்டிப் பார்க்க வேண்டியிருக்கும். இல்லையென்றால் அவருடைய படை எண், டிஸ்சார்ஜ் காகிதம், அந்தக் காலத்துக் கடிதத்தில் டெல்லி முத்திரை, எது கிடைத்தாலும் எடுத்து வையுங்கள். எப்படித் தேடுவது என்று உங்கள் அப்பாவுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும், சிக்னல்ஸ்காரர். கிடைத்தால் எனக்கும் ஒரு வரி எழுதுங்கள்.